நாற்பது இறக்கம்: போடிமெட்டிலிருந்து கணினியைப் பார்க்கப் போன கதை

போடிமெட்டு மலைப்பாதையில் சொந்த வண்டியில் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலையின் அழகைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு எழுத்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. எழுபத்தாறு வயதில் சிலமலைப் பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் கற்றுக்கொண்டேன். ஒரு பத்தி எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. அதனால் தேவையில்லாத சொல் எதையும் இதில் போடவில்லை.

நான் சொல்லும் பயணம் 1988 மாசி மாதம், ஒரு புதன்கிழமை. அப்போது எனக்கு நாற்பது வயது. பூப்பாறை தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் மிஷின்காரனாக இருந்தேன். ஒரு ஜெனரேட்டர், இரண்டு தண்ணீர் பம்புகள், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் காற்றடிக்கும் விசிறி, ஒரு ஜீப்பு. இவ்வளவும் என் பொறுப்பு. எதற்கு எப்போது ஆயில் மாற்றுவது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தொட்டுப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன். ஜீப்புக்கு மட்டும் தனி ஏற்பாடு. அது ஒவ்வொரு முறை போடிக்கு இறங்கித் திரும்பும்போதும் ஒரு கிரீஸ் டப்பாவில் ஒரு காப்பிக்கொட்டை போடுவேன். வெள்ளிக்கிழமைதோறும் சக்கரத்தைக் கழற்றி பிரேக் லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன்.

அதற்கு முந்தைய ஐப்பசியில் எங்கள் முதலாளியின் மருமகன் ராஜகோபால் போடி ஆபீசில் ஒரு கணினி வாங்கி வைத்தார். கோயம்புத்தூரில் படித்தவர். முதலாளியின் மூன்று தோட்டத்து மிஷின்களையும் அவரே அதற்குள் எழுதி ஏற்றினார். எந்த மிஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சனிக்கிழமைதோறும் நாங்கள் சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளை எழுதிக் கீழே அனுப்புவார். செவ்வாய்க்கிழமை ஒரு நீளத் தாள் வரும். எதற்கு எந்தத் தேதியில் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். கணக்கப்பிள்ளை வாசித்துச் சொல்வார், நான் செய்வேன். அதோடு ஓர் உத்தரவும் வந்தது: தாள் சொல்லாமல் எந்த மிஷினையும் பிரிக்கக் கூடாது. பிரித்துப் பிரித்துப் பார்ப்பதில் பாதி நாள் வீணாகிறதாம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தாள் நல்ல தாள்தான். ஜெனரேட்டர் அந்த வருடம் ஒருநாள்கூட நிற்கவில்லை. பார்க்காத மிஷினைப் பற்றிப் போடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெட்டி எப்படிச் சொல்கிறது என்று எனக்கு ஒரே திகைப்பு. அதை நேரில் பார்க்க வேண்டும் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "சரி, புதன்கிழமை ஜீப்புல போயிட்டு வா" என்றார். பயணத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

காலை 6.40க்குக் கிளம்பினோம். ஓட்டியவர் மாயாண்டி அண்ணன், இருபது வருடம் அதே பாதையில் ஓட்டியவர். பின்னால் நானும் முத்தம்மாளும். முத்தம்மாள் எங்கள் தோட்டத்தில் காய் எடுக்கிறவர். போடி ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருந்த மகளைப் பார்க்க ஒரு வெடக்கோழியோடு வந்தார். லோடு எதுவும் ஏற்றவில்லை. அது எங்கள் நல்ல நேரம் என்று பிறகுதான் தெரிந்தது.

தோட்டத்திலிருந்து போடிமெட்டு 14 கிலோமீட்டர். பாதை மோசம், ஒரு மணி நேரம் ஆயிற்று. மெட்டில் டீ குடித்தோம், அறுபது காசு. அங்கிருந்து போடிக்கு 26 கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். 7.55க்கு மாயாண்டி அண்ணன் சாமி கும்பிட்டுவிட்டு வண்டியைச் சரிவில் விட்டார். விட்டதும் எல்லா டிரைவர்களும் செய்வதைச் செய்தார். இஞ்சினை நிறுத்தினார்.

இப்போது படிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். அந்தக் காலத்தில் மெட்டிலிருந்து மலையடிவாரத்து முந்தல் வரை யாரும் இஞ்சினை ஓடவிட்டு இறங்க மாட்டார்கள். மலையே வண்டியைத் தள்ளும்போது டீசலை எதற்குக் கரைப்பது என்பார்கள். இஞ்சின் நின்றதும் காற்று கேட்கும், டயர் கேட்கும், கீழே எங்கோ தண்ணீர் விழுவது கேட்கும். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

மேலிருந்து ஆறாவது வளைவில் இன்னொரு சத்தம் கேட்டது. இரும்பை இரும்பு சுரண்டும் சத்தம்.

"ஏ அப்பு, வண்டி என்ன ஊளையிடுது?" என்றார் முத்தம்மாள்.

"கோழியக் கேளு ஆத்தா, அதுக்குத்தான் பசி" என்று சிரித்தார் மாயாண்டி அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, நிறுத்துங்க. லைனிங் முடிஞ்சுபோச்சு."

"நீதானடா கார்த்திகைல மாத்துன? தாளுல அடுத்தது வைகாசின்னு கணக்கப்பிள்ளை வாசிச்சாருல்ல?"

"தாளு கெடக்குண்ணே, வெரசா ஓரங்கட்டுங்க!"

அவர் மிதித்தார். பெடல் தரைவரை போயிற்று. வண்டி நிற்கவில்லை. இன்னொரு முறை மிதித்தார். ஒன்பதாவது வளைவு எதிரே வந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் வானம் மட்டும்தான் இருந்தது. மாயாண்டி அண்ணன் முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். இஞ்சின் அலறி எழுந்தது, நாங்கள் முன்னால் தெறித்தோம். வண்டியை மலைப்பக்கம் ஒடித்தார். முன்சக்கரம் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இறங்க, வண்டி பக்கவாட்டு மண்சுவரை முப்பதடி தேய்த்துக்கொண்டு போய் நின்றது.

முதலில் பேசியது கோழி. அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியது. முத்தம்மாள் இறங்கி, "அடப்பாவிகளா, பேரன் மொகத்தப் பாக்காமப் போயிருப்பேனே" என்று சொல்லி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். மாயாண்டி அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். விரலை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

சக்கரத்தைக் கழற்றினேன். லைனிங் இல்லவே இல்லை. அதைப் பிடித்திருந்த ரிவெட் ஆணிகள் பிரேக் டிரம்மின் உள்வட்டத்தில் கோடு கோடாக உழுதிருந்தன. கார்த்திகையில் என் கையால் போட்ட புது லைனிங். மூன்று மாதமாக நான் திறந்து பார்க்கவில்லை, தாள் சொல்லவில்லை என்பதால்.

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, 9.25க்கு வந்த பஸ்சில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு இரண்டேகால் ரூபாய். போடி வந்ததும் முத்தம்மாள் கோழியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் மாயாண்டி அண்ணனும் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரை கிலோமீட்டர் நடந்து ஆபீசுக்குப் போனோம்.

கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே போனால் மார்கழி மாதத்து மெட்டைப் போலக் குளிர். போடி வெயிலில் ஓர் அறைக்குள் அவ்வளவு குளிரை வைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். அதன்முன் வசந்தா என்ற பெண் உட்கார்ந்திருந்தார். எங்கள் தாளையெல்லாம் அடிப்பவர் அவர்தான். முதலாளியும் ராஜகோபாலும் இருந்தார்கள்.

நடந்ததைச் சொன்னோம். ராஜகோபால் தாளைப் பார்த்தார். "லைனிங் இன்னும் பாதிகூடத் தேஞ்சிருக்காது. கணக்கு சரியா இருக்கு" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "கருப்பையா, கார்த்திகைல நீ லைனிங் மாத்தவே இல்ல. மாத்துனேன்னு பொய் சொல்லியிருக்க. மூணு உசுரு போயிருக்கும்டா. நாளைக்குக் காலைல வீட்டக் காலி பண்ணு."

வீடு என்றால் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஓர் அறை. அதில் என் மனைவியும் நானும் பதினாறு வருடம் இருந்தோம். நான் மாற்றினேன் என்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? தாள் அவர்கள் பக்கம். எனக்கு அதைப் படிக்கவும் தெரியாது. "அய்யா, மாத்துனேன்யா" என்றேன்.

வசந்தா மெதுவாகக் கேட்டார்: "சார், ஜீப்போட மணி நேரத்த ஒரு தடவ சரிபாத்துக்கிறேன். டிரைவரண்ணே, தோட்டத்துல இருந்து போடி வந்து திரும்ப எவ்வளவு நேரம் இஞ்சின் ஓடும்?"

"தோட்டத்துல இருந்து மெட்டு ஒரு மணி. போடியில இருந்து மெட்டு ஏற ஒண்ணே முக்கா. மெட்டுல இருந்து தோட்டம் ஒரு மணி. மொத்தம் மூணே முக்கா தாயி."

"மெட்டுல இருந்து எறங்க?"

"எறங்க ஏது தாயி? எறங்கையில இஞ்சின் ஓடாதே!"

மாயாண்டி அண்ணன் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓடுன மணியத்தான சொல்லச் சொன்னீக? நான் ஒரு நிமிசம்கூடக் கூட்டிச் சொல்லலீங்க!"

ராஜகோபால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜீப்பில் கிலோமீட்டர் காட்டும் கேபிள் என்றைக்கோ அறுந்துபோனது. அதனால்தான் அதையும் பம்பு, ஜெனரேட்டரைப் போல மணிக்கணக்கில் எழுதியிருந்தார். பிரேக் தேய்வது இறக்கத்தில். இஞ்சின் நின்றிருப்பதால் மொத்த வண்டியையும் பிரேக் மட்டும் தாங்குகிறது. அந்த நேரம் கணக்கில் வரவே இல்லை.

"மலைன்னு ஒண்ணு இருக்கிறதையே நான் எழுதல மாமா" என்றார்.

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "நானும் அப்படித்தான்யா எறங்குவேன். எனக்கே தோணல பாரு." பிறகு என்னிடம், "அப்ப எத்தன நாளைக்கு ஒருக்க மாத்தணும்? சொல்லு" என்றார். வீட்டைக் காலி செய்யும் பேச்சு அதோடு போயிற்று. அதை வாபஸ் வாங்குகிறேன் என்று அவர் சொல்லவில்லை. கேள்வி கேட்டதே வாபஸ்தான்.

"நாள் தெரியாதுய்யா. நாப்பது எறக்கம். மழைக்காலம்னா முப்பது. அதுல பாதி ஆகயில ஒரு தடவ தெறந்து பாக்கணும்."

"எப்படித் தெரியும்?" என்றார் ராஜகோபால். காப்பிக்கொட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "டப்பாவுல இப்ப எத்தன இருக்கு?" என்று கேட்டார். கார்த்திகைக்குப் பிறகு முப்பத்தொன்பது, இன்றையது போடவில்லை என்றேன். மாயாண்டி அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வசந்தா தட்டினார். பக்கத்தில் இருந்த பெட்டி கிர்ர் கிர்ர் என்று தாளைத் துப்பியது. நான் ஒரு நிமிடத்துக்கு முன் வாயால் சொன்னது எழுத்தாகி வெளியே வந்தது. அன்றைக்கு மலையில் பட்ட அதிர்ச்சியைவிட இது பெரிய அதிர்ச்சி. தாளின் ஓரத்தில் அவர் நீலப் பேனாவால் ஏதோ எழுதி, "மொத தாளு, நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்று கொடுத்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

புது லைனிங்கும் டிரம்மும் வாங்கிக்கொண்டு 2.15 பஸ்சில் ஏறி, வளைவில் இறங்கி, மாலை ஐந்து மணிக்குள் மாட்டி முடித்தோம். அன்றிலிருந்து மாயாண்டி அண்ணன் இஞ்சினை நிறுத்தவில்லை. இரண்டாம் கியரில் இறங்கினார். என் நாற்பது இறக்கம் பிறகு எழுபது ஆயிற்று. அதையும் போய்ச் சொன்னேன், தாளில் மாற்றினார்கள்.

இனி நீங்கள் போகும்போது செய்ய வேண்டியது. நான் எழுதிய விலை இன்று உதவாது, தூரம் உதவும். மெட்டில் டீ குடிக்கும்போது வண்டியும் ஆறட்டும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். இஞ்சினை நிறுத்தாதீர்கள். பாதி வழியில் ஒருமுறை நிறுத்திச் சக்கரத்துக்குப் பக்கத்தில் முகர்ந்து பாருங்கள், தொடாதீர்கள், சுடும். கருகிய வாடை வந்தால் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். வாடகை வண்டி என்றால் டிரைவரிடம் எப்படி இறங்குவார் என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். யாரும் கேட்காததால்தான் நாங்கள் சுவரில் தேய்ந்தோம்.

அந்தத் தாள் டிரங்குப் பெட்டியில் அப்படியே இருந்தது. மிஷின் எழுத்து இங்கிலீசு, நமக்கு எதற்கு என்று இத்தனை வருடம் யாரிடமும் காட்டவில்லை. போன மாதம் பிரித்தேன். இங்கிலீசு எனக்கு இப்போதும் தெரியாது. ஆனால் ஓரத்தில் இருந்த நீல எழுத்து தமிழ். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"ஜீப் பிரேக் – நாற்பது இறக்கத்துக்கு ஒருமுறை. கார்த்திகையில் மாற்றியது உண்மை. சொன்னவர்: கருப்பையா."