நெளிந்த தூபக்கால்

எங்கள் சாமியறையில் இருக்கும் பித்தளைத் தூபக்காலின் விளிம்பு ஒரு பக்கம் நெளிந்திருக்கும். நெளித்தவள் நான்தான். குருபோங் என்ற ஊரில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, கைக்குழந்தையோடு இருந்த காலம். கோபத்தில் அதை வாசல் சிமெண்டுத் தரையில் ணங்கென்று வைத்தேன். தட்டி நிமிர்த்தித் தரட்டுமா என்று மாமனார் பல தடவை கேட்டும் நானும் அத்தையும் விடவில்லை.

மாமா பக்கத்து ஊரான பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் டிவி முன்னால் உட்கார்ந்தவர் வாயையே திறக்கவில்லை. சோறு போடட்டுமா என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள், கோல்ஃப் வண்டிகளிலிருந்து கழித்துப்போட்ட நான்கு பேட்டரிகளைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்து பின்கட்டில் இறக்கினார். கார் பேட்டரி போல இல்லை, நிதானமாக நெடுநேரம் மின்சாரம் தருகிற கனத்த சாதி. உள்ளே தகடுகளில் வெள்ளையாக உப்புப் படிந்து, செத்துவிட்டவை என்று கடைக்காரரே கைவிட்டவை. மாமா மூடிகளைக் கழற்றிக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுவார், நாள் கணக்கில் மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவார். கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதவை எவ்வளவு எழும்புகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இது சாகல லா, தூங்குது," என்பார். "எனக்குக் காய்ச்சல்னா ஒரு நாளு நெத்தியத் தொட்டுப் பாத்திருப்பாரா இந்த மனுசன்?" என்று அத்தை நொடித்துக்கொள்வார்.

எனக்கோ அவற்றைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அமிலம் பட்டு மாமாவின் கைலிகளெல்லாம் சல்லடை. குழந்தையின் தொட்டில் கட்டிய அறைக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். இந்தச் சனியன்களைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள் என்று கணவரிடம் புலம்பாத நாளில்லை. அத்தையோடு இருந்த சண்டை வேறு. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போட்டு அறை அறையாகப் புகை காட்டிவிட்டு, கடைசியில் பின்கட்டுக்குப் போவார். பிள்ளைக்குச் சளி என்றாலும் கேட்க மாட்டார். சாம்பிராணியில்தான் சளி போகும் என்பது அவர் கட்சி.

அந்த வெள்ளிக்கிழமை மாலை மாமா பேட்டரிகளுக்குச் சார்ஜை முடுக்கிவிட்டு, அவற்றுக்கு ஊற்றத் தண்ணீர் பாட்டில் வாங்க மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் சாரலோடு மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் காயப்போட்ட துணி நனையுமே என்று அத்தை அங்கிருந்த சன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்தார். பிறகு வாசலில் கரி மூட்டி, ஹாலுக்குப் புகை காட்டிவிட்டு எங்கள் அறைக்குள் வந்தார். குழந்தை இருமியது. எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு அந்த ஆத்திரம்! தூபக்காலைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, கூரைத் தண்ணீர் ஒழுகும் இடத்தில் ணங்கென்று வைத்தேன். கங்கு உஸ்ஸென்று அணைந்தது. "இன்னும் பின்கட்டுக்குக் காட்டலடி! வெள்ளிக்கெழம அதுவுமா இப்படிப் பண்றியே!" என்று அத்தை கண்ணைக் கசக்கினார்.

நனைந்தபடி வந்து இறங்கிய மாமாவிடம், மழைக்குச் சன்னலை அடைத்ததிலிருந்து எல்லாவற்றையும் அத்தை சொல்லி அழுதார். மாமாவின் முகம் வெளிறிவிட்டது.

"நெருப்போட பின்னால போனியா?"

"எங்க விட்டா உங்க மருமக!"

மாமா வாசல் பக்கத்து மெயின் சுவிட்சை அணைத்தார். குழந்தையோடு எங்களை எதிர்வீட்டுக்கு விரட்டினார். தானே பின்சந்து வழியாகச் சுற்றிப் போய், வெளியிலிருந்து கதவையும் சன்னலையும் திறந்தார். வெகுநேரம் கழித்து எங்களை வீட்டுக்குக் கூட்டிவந்து தொட்டிலறைத் தரையில் உட்கார்ந்தார். சார்ஜ் ஏறும்போது பேட்டரி குமிழ் விடும், அந்த வாயு அடைத்த அறையில் சேர்ந்தால் ஒரு கங்கு போதும், அமிலத்தோடு வெடிக்கும் என்றார். நான் சுவரையும் தொட்டிலையும் பார்த்தேன்.

"ஏன் மாமா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா தூக்கிப் போடச் சொல்லுவீங்கம்மா. அதான் சொல்லல."

குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். அப்பாடா, அப்பாடா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அத்தை என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உன் கோவம் நல்லா இருக்கட்டும்டி" என்றார்.

நாளைக்கே கடைக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன் என்றார் மாமா. நான் மாதக்கணக்காகக் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் டிவி முன்னால் ஊமையாக உட்கார்ந்திருந்த பழைய மாமா கண்ணில் வந்து நின்றார். "வேணாம் மாமா, வெளிய வச்சுக்குங்க" என்று என் வாயே சொல்லிவிட்டது. சுவரில்லாத ஒரு தகரக் கொட்டகையை வீட்டுக்குப் பின்னால் போட்டார். நான்கில் இரண்டு பிழைத்தன. கரண்ட் போன நாட்களில் தொட்டிலுக்கு மேலே காற்றாடி அவற்றில்தான் ஓடியது.

இப்போது மாமா இல்லை. அந்தப் பேட்டரிகளும் ஆயுள் முடிந்து போய்விட்டன, கொட்டகையில் செருப்பும் துடைப்பமும்தான் கிடக்கின்றன. ஆனாலும் வெள்ளிக்கிழமை அத்தை நெளிந்த தூபக்காலோடு பின்கட்டு நிலைப்படி வரை வந்து நின்றுவிடுவார்.

"தொறந்திருக்கா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். முன்பு மாமா பதில் சொல்லுவார்.

"தொறந்திருக்கு அத்த, வாங்க" என்கிறேன் நான். அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைக்கிறார்.