பலகைக்கு அந்தப் பக்கம்

ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் தகரக் குழாயை மாற்றிக்கொண்டிருந்தோம். பட்டப்படிப்பை முடித்து அரச நியமனத்துக்குக் காத்திருந்த நான், தங்கையின் கணவரோடு அந்த வேலைக்குப் போயிருந்தேன்.

கூரையடியில் ஒரு பலகைத் தடுப்பு. அதன் இருபுறமும் குழாய்த் துண்டுகளின் விளிம்புகளை வைத்து, பலகையை ஊடுருவிப் போல்ட் போட வேண்டும். அந்தப் பக்கத்து இருட்டில் அவர் போல்டின் தலையைத் திருகுச்சாவியால் பிடிப்பார்; இந்தப் பக்கம் படுத்தபடி நான் நட்டை இறுக்குவேன். கீழே அரைக்கும் இயந்திரங்களின் இரைச்சலில் குரல் எடுபடாது. ஆகவே நான் தகட்டை இரண்டு முறை தட்டுவேன். பிடித்ததும் அவரும் இரண்டு முறை தட்டுவார். அந்த அதிர்வு என் உள்ளங்கைக்கு வரும்.

மேல்வரிசை முடிந்தது. அடுத்த போல்டுக்குத் தட்டினேன், பதில் வந்தது. சாவியைத் திருப்பினேன். நட்டு இறுகவில்லை, போல்டும் சேர்ந்து சுழன்றது. மறுபடி தட்டினேன். மறுபடியும் இரண்டு தட்டு, நிதானமாக. போல்ட் சுழன்றபடியே இருந்தது.

ஏணியில் இறங்கி, சுற்றிப்போய் அந்தப் பக்கம் ஏறினேன். வெக்கையில் அவர் மயங்கிக் கிடந்தார். சாவி கால்மாட்டில் கிடந்தது. வேறு யாரும் இல்லை.

கீழே இறக்கித் தண்ணீர் கொடுத்த பிறகு மெல்லச் சொன்னார்: "நீங்க தட்டுனது கேட்டுச்சு மச்சான். நான் பதில் தட்டுறதுக்கு முந்தியே யாரோ தட்டிட்டாங்க. சரி, ஆளு இருக்குன்னு கைய எடுத்துட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல."

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் இரண்டு முறை வந்து பார்த்தார். காற்றில்லாமல் கொழுந்து சூடேறினால், காலையிலிருந்து பெண்கள் பறித்ததெல்லாம் குப்பைக்குப் போகும். மாப்பிள்ளையை மீண்டும் உள்ளே அனுப்ப என்னால் முடியவில்லை. வேலையை விட்டுப் போகவும் முடியவில்லை.

"இந்தத் தடவ நான் உள்ள போறேன், மாப்பிள்ள. தட்டுற சத்தத்த நம்பாதீங்க," என்றேன்.

பலகைத் துளையில் கயிற்றைக் கோத்து, இரு முனைகளையும் எங்கள் மணிக்கட்டுகளில் கட்டினோம். நான் இழுத்தால் மட்டுமே அவர் இறுக்க வேண்டும்.

ஒவ்வொரு போல்டையும் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். நட்டு இறுகியது. ஒவ்வொரு முறையும், நான் இழுப்பதற்குச் சற்று முன்னதாக, என் தலைமாட்டில் தகடு இரண்டு முறை அதிர்ந்தது.

அந்தத் தட்டலுக்கு மாப்பிள்ளை ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. கயிறு அசையும்வரை காத்திருந்தார்.