சம்பந்தியம்மாவின் ஆறு மில்லி

இல்லை, மூக்கு என்னுடையதுதான். நெற்றி வேண்டுமானால் அந்த வீட்டுச் சாயல் என்று விட்டுக்கொடுக்கலாம். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைப்பது நல்லது. என் பேத்தி அலோனாவைப் பார்க்க மாப்பிள்ளையூரணியிலிருந்து தினமும் காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போய்விடுகிறேன். அந்த வீட்டில் பேத்தி இருக்கிறாள், அவளைப் பெற்ற என் மகள் ஜெமிமா இருக்கிறாள், ஜெமிமாவின் மாமியார் விஜிலாவும் இருக்கிறார். பேத்தியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. அதனால் மாமியாரைப் பற்றி எழுதுகிறேன்.

விஜிலா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவர். இந்தப் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் வாத்தியாரிடம் அடி வாங்கியது அவர் தைத்த டவுசரில்தான். எதையும் கொஞ்சம் பெரிதாகவே தைப்பார், பிள்ளை வளரும் என்பார். வளராத பிள்ளையின் தாய் சண்டைக்கு வந்தால், சோறு போடச் சொல்லித் திருப்பி அனுப்புவார். அவர் கணவர் ஹென்றி கடலுக்குப் போகிறவர். கரையில் அவர் பேசி நான் கேட்டதில்லை. இடைவெளி கிடைத்திருக்காது.

அவர்கள் மகன் மெல்வின், அதாவது என் மருமகன், வெளிநாட்டில், தம்மாமில் வேலை செய்கிறான். போன லீவில் வந்தபோது, பெயர்ப்பலகை செதுக்கி விற்கப்போவதாகச் சொல்லி, பழைய சி.என்.சி. மிஷின் ஒன்றை வாங்கிப்போட்டான். கம்ப்யூட்டர் சொன்னபடி மரத்தில் கத்தி ஓடிச் செதுக்குகிற சின்ன மிஷின். லீவு முடிந்தது, அவன் போனான், மிஷின் நின்றது. கொஞ்ச நாள் அதன்மேல் பேத்தியின் துணி காய்ந்தது. பிறகு, பெடல் இல்லாத தையல் மிஷின்தானே என்று சொல்லி விஜிலா அதன்முன் உட்கார்ந்துவிட்டார்.

ஹென்றியின் புது ஃபைபர் போட்டுக்கு அலோனா என்று பேத்தி பெயரையே வைப்பதாக முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வந்து மந்திரிக்க வேண்டும். எல்லாப் போட்டிலும் பெயர் எழுதுகிறவர் பெயிண்டர் விஜயராஜ். அவர் வேண்டாம், பெயரை மரத்தில் செதுக்கி நானே மாட்டுவேன் என்று விஜிலா கரை முழுக்கச் சொல்லிவிட்டார். மீன் ஏலம் கூறுகிறவர் வரைக்கும் தெரிந்துவிட்டது. இனிமேல் பலகை சரியாக வராவிட்டால் அந்தக் கரையில் அவர் நடமாட முடியாது. இருந்ததும் ஒரே ஒரு தேக்குப் பலகைதான். ஆறு மில்லி கனம்.

பலகையின் இரண்டு ஓரத்தையும் மீன் வயிறுபோல வளைத்து வெட்டியிருந்தார். மரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுகிற அந்த மிஷினின் உருளைகளுக்கு வளைந்த ஓரம் அகப்படாது. அதற்காக ஒரு பிளைவுட் தட்டு. இரண்டு பக்கமும் நேரான ரீப்பர் சட்டம் அடித்து, நடுவில் பலகையை டேப்பால் ஒட்டி, தட்டோடு உள்ளே அனுப்ப வேண்டும். உருளை ரீப்பரைப் பிடித்துத் தள்ளும். மெல்வின் அதை ஸ்லெட் என்பான். விஜிலா தோணி என்பார்.

செதுக்கும் முன்னால் கத்தி இறங்கி ஓர் இடத்தைத் தொடும். தொட்ட இடம்தான் அதற்கு மரத்தின் மேல்தளம். ஆழத்தை அங்கிருந்துதான் எண்ணும். பலகையில் தொட்டால் புள்ளிக் காயம் விழுகிறதென்று விஜிலா ரீப்பரில் தொடவைப்பார். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறவரை தப்பில்லை.

தப்பு மாதாவின் பக்கத்திலிருந்து வந்தது. ரீப்பரின்மேல் உருளை ஓடும்போது கீச்சென்று கத்தும், பேத்தி எழுந்துவிடுவாள். கோயிலில் மெழுகுதிரி ஸ்டாண்டைச் சுத்தம் செய்வது விஜிலாவின் வேலை, அதனால் வீட்டில் ஒரு சாக்கு நிறைய எரிந்த திரித் துண்டுகள் கிடந்தன. கீச்சென்ற போதெல்லாம் எடுத்துத் தேய்த்தார். சத்தம் நின்றது. மெழுகும் மரத்தூளும் சேர்ந்து உருளையடியில் நசுங்கி, ரீப்பர்மேல் இரண்டு மில்லிக்குக் காரைபோல ஏறியதை யாரும் பார்க்கவில்லை.

கழிவுத் துண்டில் நாலு மில்லி ஆழம் போட்டுப் பார்த்தார். இரண்டுதான் இறங்கியது. நகத்தால் கீறினதுபோல இருந்தது, பெயிண்ட் அடித்தால் மூடிப்போகும். வீடியோவில் மெல்வினைக் கூப்பிட்டார். அவன் காரணம் எதுவும் கேட்காமல், ஆறு போட்டால் நாலு வரும் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் காட்டச் சொன்னான். கணக்கு சரிதான்.

ஆனால் அன்று மதியம் விஜிலா கோயிலுக்குப் போயிருந்தபோது, தோணியில் மெழுகு கிடப்பதை ஜெமிமா பார்த்துவிட்டாள். என் மகளுக்குப் பக்தி கொஞ்சம் அதிகம், அவள் அம்மா வழி. தேங்காய் கீறுகிற கத்தியால் அத்தனையையும் சுரண்டி டப்பாவில் போட்டு மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் விஜிலா நல்ல பலகையை ஒட்டி, ஆறு என்று போட்டு, சிலுவை வரைந்து, பட்டனை அமுக்கினார். பேத்தி என் மடியில் இருந்தாள். ‘அ’ ஓடி முடிகிற நேரம் மிஷினின் சத்தம் மாறியது. அந்த எழுத்தின் சுழிக்குள் இருந்த மரத்துண்டு தனியே எழும்பித் தெறித்தது. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். பலகையில் ‘அ’ இருந்த இடத்தில் அ வடிவத்தில் ஓட்டை.

கத்தி மக்கர் பண்ணுகிறது, மெல்வின் வாங்கினது ஓட்டை மிஷின், நான் வாசலில் உட்கார்ந்து வெளிச்சத்தை மறைத்தேன் என்று வரிசையாகக் குற்றம் போனது. கடைசியில் ஜெமிமா வாயைத் திறந்தாள்.

“மாமி, மெழுக நான்தான் சொரண்டுனேன். மாதா திரிய உருளைக்கு அடியில போட்டு நசுக்குதது பாவம்லா.”

விஜிலா ரீப்பரை விரலால் தடவினார். பலகையைத் தடவினார். மறுபடி ரீப்பர். இரண்டு மில்லி மெழுகு போனதால் ஆறு ஆறாகவே இறங்கியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்த இடத்தை நான் முகத்தில் பார்த்தேன்.

“சொரண்டுனது பாவம் இல்ல, ஏளா. சொல்லாம சொரண்டுன பாரு, அதுக்குச் சாமியார்ட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணு.”

வாசலில் போன விஜயராஜ் எட்டிப் பார்த்து, பெயிண்ட் கலக்கட்டுமா அக்கா என்று விசாரித்தார். அந்தக் குரலில் இருந்த அன்பு எனக்கே எரிச்சலாக இருந்தது. கலக்கி உன் வீட்டுச் சுவருக்கு அடி என்று விஜிலா பதில் சொன்னார்.

ஓர் எழுத்து ஓட்டையானால் எல்லா எழுத்தும் ஓட்டையாகட்டும் என்று முடிவெடுத்தார். மஞ்சள் ஃபைபர் தகட்டைப் பின்னால் வைத்து, சுழித் துண்டுகளைப் பசைபோட்டு அதனதன் இடத்தில் ஒட்டிவிடலாம். ஆனால் இப்போது ஆழம் இன்னும் கறாராக இருக்க வேண்டும். குறைந்தால் பின்பக்கம் தோல்போல மரம் நிற்கும். கூடினால் கத்தி தோணியின் அடியைக் கிழிக்கும், டேப் விடும், பலகை நகரும், இருப்பதும் போகும்.

தோணியில் கீறல் விழாமல் பலகைக்கு அடியில் கொடுக்க, மெல்வின் – ஜெமிமா கல்யாணக் கார்டில் மிஞ்சிய ஒன்றை எடுத்தார். நான் அடித்த கார்டு. கார்டு போட்டதும் பலகை ரீப்பரைவிட மேலே எழும்பியது. அதனால் இந்த முறை கத்தியைப் பலகையிலேயே தொடவைத்தார், எழுத்து வருகிற இடத்தில். புள்ளி விழுந்தாலும் அது எப்படியும் வெட்டுப்படுகிற மரம். கத்திக்கும் பலகைக்கும் நடுவில் கோயில் பங்கு மடலில் கிழித்த ஒரு துண்டுக் காகிதம். காகிதம் இழுத்தால் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கத்தியை இறக்கினார். பிடித்துக்கொண்டதும் அதுதான் பூஜ்யம். ஆறுக்குமேல் ஒரு துளி கூட்டிப் போட்டார்.

மிஷின் ஓடி முடிகிறவரை விஜிலா பேசவில்லை. கல்யாணப் பேச்சுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு அமைதியை அந்த அம்மாவிடம் நான் கண்டதில்லை. பலகையை எடுத்தோம். ‘லோ’வும் ‘னா’வும் சுத்தமாக இறங்கியிருந்தன, தோணியில் ஒரு கீறல் இல்லை. கார்டில் மட்டும் மேலாகக் கீறியிருந்தது, அதுவும் சரியாக என் பெயர்மேல்.

இன்று காலை நீலப் போட்டின் முகப்பில் பலகை ஏறியது, மஞ்சள் எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துப் போனார். விஜயராஜ் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல்விட்டுப் பார்த்தார். நான் பேத்தியைப் பலகைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, தன் பெயரைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கிறாள் என்று எல்லோரையும் கூப்பிட்டேன். விஜிலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“சம்மந்தி, அது சிரிக்கல, கக்கப் போகுது. அங்கன தள்ளிப் பிடிங்க, பலகையில பட்டுரும்.”