காய்ச்சல் என்று சொன்ன பொய்

செல்விக்கா, ஆயர் குரோவில் நீ வேலை செய்த ஃபேக்டரிக்குப் போட்டுக்கொண்டு போகிற நீலச் சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட முடியாமல் நீ கண்ணாடி முன்னால் நின்றது எனக்கு இன்னும் அப்படியே தெரிகிறது. தொண்டையில் ஒரு சின்ன மேடு. "ஆம்பளைங்க மாதிரி எனக்கும் சங்கு வந்துடுச்சுடி. மீசை ஒண்ணுதான் பாக்கி லா" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அம்மாவுக்கும் அதே இடத்தில்தான் வந்தது.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மா செத்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தேன். பால் வாளி தூக்கித் தூக்கி வந்த கட்டி என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அப்பா நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "யாரு கேட்டாலும் அம்மா காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு சொல்லுங்க. தொண்டைக் கட்டின்னு தெரிஞ்சா ஒங்க ரெண்டு பேரையும் யாரும் கட்டிக்க மாட்டாங்க." உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னோம். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

கிளினிக்குக்கு உன்னோடு நானும் உன் மாமியாரும் வந்தோம். "வீட்டுல யாருக்காவது கழுத்துல கட்டி இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். பக்கத்தில் மாமியார். நான்தான் முந்திக்கொண்டு, "இல்ல டாக்டர், அம்மா காய்ச்சல்ல போனாங்க" என்றேன். இப்படிப்பட்ட கட்டிகள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆறு மாதம் கழித்து வந்து காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார். நாம் ஒரு வருஷம் கழித்துப் போனோம். உன் குரல் கம்மிய பிறகு.

பெரிய ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி. அன்றைக்கு மாமியார் முன்னாலேயே நீ சொன்னாய்: "எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. அதுலதான் செத்தாங்க." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். தைராய்டு புற்றுநோய் பலருக்கு ஏன் வருகிறதென்றே தெரியாது, சின்ன வயதில் கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களுக்கு வரலாம், உனக்கு வந்த வகை சில குடும்பங்களில் இரத்தத்தோடு இறங்கும் என்றார். அம்மா தூக்கிய வாளி காரணம் இல்லை, உன் ஃபேக்டரி வாடையும் இல்லை. முன்பே தெரிந்திருந்தால் முதல் நாளே கட்டியில் ஊசி வைத்துச் சோதித்திருப்பார்களாம். உன் மாமியார் திட்டவில்லை. "சொல்லியிருந்தா நான் என்ன ஒன்ன தள்ளியா வச்சிருப்பேன்?" என்று அழுதார். வைத்திருக்க மாட்டார் என்று என்னால் இப்போதும் சத்தியம் பண்ண முடியாது.

நீ போய் மூன்று மாதம். கடைசியில் பேச்சு வராமல் ஃபோனில் எழுதிக் காட்டினாய்: "என் பாப்பாவ செக் பண்ணு. நீயும் பண்ணு. பொய் சொல்லாத." போன வாரம் பாப்பாவும் நானும் சோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். நான்கு வயதுப் பிள்ளை, ஊசிக்கு அழவில்லை. என் விரலை மட்டும் விடவேயில்லை. தஞ்சோங் கிளிங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நேற்று அப்பா சொன்னார். "அம்மாவும் அக்காவும் எதுல போனாங்கன்னு நானே சொல்லிடுவேன்பா" என்றேன். அப்பா எழுந்து வெளியே போனார்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, என் அக்காவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவள் பிள்ளைக்காகவும்.