பெட்ரூம் கணக்குப் பார்த்த எங்களுக்குக் கர்த்தர் தந்த வீடு

ஆண்டவரை நம்பிப் பிழைக்கிற என் அன்பு உறவுகளே, புனேயிலிருந்து உங்கள் சகோதரி கிருபா எழுதுகிறேன். பெரிய வியாதியிலிருந்தும் விபத்திலிருந்தும் தப்பியவர்கள் சாட்சி சொல்கிற இடத்தில், இவள் பெட்ரூமைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். அந்த பெட்ரூம் விவகாரம் எங்கள் வீட்டு ஆள் ஒருவரை எங்களிடமிருந்து பிரித்துவிடப் பார்த்தது. ஆண்டவர் விடவில்லை. அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தொண்டைக்குள் சோறு இறங்காது.

விஷ்ராந்த்வாடியில் நாங்கள் பல வருஷமாக வாடகைக்கு இருந்தோம். போன வருஷம் வீட்டு ஓனர் தன் மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி, கோடை லீவு முடிவதற்குள் காலி செய்து தரும்படி கேட்டார். இனி வாடகை வேண்டாம், சொந்தமாகவே வாங்கிவிடுவோம் என்றார் என் வீட்டுக்காரர் ஜெபராஜ். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷம் முதல் ஏஜெண்ட் வாயைத் திறக்கும் வரைதான் இருந்தது.

"டூ பிஎச்கேயா, த்ரீ பிஎச்கேயா?" என்று அவர் கேட்டார். ஒரே நேரத்தில் இவர் இரண்டு பெட்ரூம் என்றார், நான் மூன்று என்றேன்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், இவர், காலேஜில் படிக்கிற மகள் பிரீத்தி, அப்புறம் இவருடைய அக்கா தங்கம். எனக்கு மைனி. பிள்ளையில்லை, புருஷனும் சின்ன வயதிலேயே போய்விட்டார். பாளையங்கோட்டையில் பெண்கள் ஹாஸ்டல் வார்டனாக இருந்து ரிட்டையர் ஆனதும் எங்களோடு வந்துவிட்டார். ஹாலில் கிடக்கிற திவான்தான் அவருக்குப் படுக்கை. பால்காரர் பெல் அடிப்பதற்குள் போர்வையை மடித்து வைத்துவிடுவார். வீட்டுக்கு யாராவது வந்தால் சத்தமில்லாமல் கிச்சனுக்குள் போய் நின்றுகொள்வார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்காது. மூன்றாவது அறை அவருக்குத்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். இவரோ, அக்காவும் பிரீத்தியும் ஒரே அறையில் இருந்துகொள்ளலாம், மூன்று பெட்ரூம் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியேதான் போகவேண்டும் என்றார்.

இதை ஜெபத்தில் வைப்போம் என்று முடிவு செய்தோம். அங்கேதான் கூத்து ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் சாயங்கால குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவரும் வரிசையாக வாய்விட்டு ஜெபிப்போம். பல வீடுகளில் உள்ள பழக்கம்தான். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. எதிரே நின்று சொல்ல முடியாததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம், பாருங்கள். "ஆண்டவரே, உள்ளது போதும் என்கிற மனதை இந்த வீட்டில் சிலருக்குத் தாரும்" என்று இவர் ஜெபிப்பார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். என் முறை வந்ததும், "கூடப் பிறந்தவளுக்கு ஒரு அறை கொடுக்க மனமில்லாதவர்களின் கண்களைத் திறந்தருளும்" என்பேன். பிரீத்திக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவளும் விடமாட்டாள். "ஜீசஸ், எனக்கு ஒரு அலக் ரூம், தனியா, பால்கனியோட, ப்ளீஸ்" என்பாள். எல்லாரும் சேர்ந்து ஆமென் வேறு சொல்லுவோம். பரலோகத்தில் சிரித்திருப்பார்கள்.

மைனி மட்டும் கடைசியில், "உமக்குச் சித்தமானது நடக்கட்டும் அப்பா" என்று முடித்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை மகர்பட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு டவரில் வீடு பார்க்கப் போனோம். மூன்று பெட்ரூம் என்று பெயர். மூன்றாவதில் ஒரு கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. ஏஜெண்ட் மைனியைக் காட்டி, அவருக்கும் புரிகிற இந்தியில், சாதாரணமாகத்தான் கேட்டார், ஆண்ட்டி அவ்வப்போது வந்து போவாரா, கூடவேதான் இருப்பாரா என்று. கூடவேதான் இருப்பார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவர் என்னைப் பார்த்தார். நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கு பிள்ள" என்று சொல்லிவிட்டு மைனி லிஃப்டைப் பார்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சாயங்காலம், வழக்கம்போல மூன்று பேரும் எங்கள் வழக்கை ஆண்டவர் முன் வாதாடி முடித்தோம். மைனியின் முறை வந்தது. "அப்பா, பாளையங்கோட்டை முதியோர் ஹாஸ்டல்ல எனக்கு ஒரு ரூம ஆயத்தம்பண்ணித் தந்தீரே, ஸ்தோத்திரம். ரெண்டு பெட்ரூமே என் தம்பிக்குத் தாராளமாப் போதும். பிள்ளைக சண்டையில்லாம இருக்கட்டும்" என்றார்.

நான் ஜெபத்தின் நடுவிலேயே கண்ணைத் திறந்துவிட்டேன். இவரும் திறந்துவிட்டார். மைனி மட்டும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டாராம், பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி. வீடு வாங்கப் போய் ஒரு மனுஷியைத் தொலைக்கப் போகிறோமே! என் சுபாவம் உங்களில் சிலருக்குத் தெரியும், அழுகை வருகிற இடத்தில் எனக்குக் கோபம் வரும்.

"உங்களுக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது வாயத் தொறந்து சொன்னீங்களா மைனி?" என்று கத்தினேன்.

"நீங்க யாராவது கேட்டீங்களா பிள்ள?" என்றார் அவர். கோபமே இல்லை அந்தக் குரலில்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் எப்ப ரூம் கேட்டேன்? ஒரு ரூம்ல இருத்திக் கதவச் சாத்துனா ஆஸ்பத்திரி மாதிரிதான இருக்கும். என் அடுப்புல நானா ஒரு டீ போடணும். யாரும் வந்தா நானே போயிக் கதவத் தொறக்கணும். அந்த ஹாஸ்டல்ல ரூமுக்குள்ள ஒரு ஸ்டவ் வச்சுக்கிடலாம்னு சொன்னாவ. அதான் சரின்னுட்டேன்."

இவர் எழுந்து போய் அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். "நீ போகக்கூடாதுக்கா" என்றார். மறுபடி முழங்கால் போட்டோம். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் நிஜமாக ஜெபம் நடந்தது என்பேன். "ஆண்டவரே, எத்தன ரூம்னு எங்களுக்குத் தெரியல. அக்கா எங்களோட இருக்கணும், சந்தோஷமா இருக்கணும். அதுக்கு ஒரு வீட்டக் காட்டும்" என்று இவர் அழுதார். நானும் அதையே கேட்டேன். பிரீத்தி பால்கனியை மறந்துவிட்டாள். மைனி, "டிக்கெட் எடுத்தாச்சே" என்று முனகியபடியே கண்ணைத் துடைத்தார்.

இனி ஆண்டவர் செய்ததைக் கேளுங்கள். அந்த வாரமே, நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தின் ஸ்டாஃப் ரூமில் ஒரு மராட்டி டீச்சர் தன் மாமியாரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். மாமியார் நாசிக்கில் மூத்த மகனோடு இருக்கப் போகிறாராம். இங்கே உள்ள வீடு விலைபோகவில்லை. பழைய சொசைட்டிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது, தரைத்தளம். அது போக, அது ஜோடி ஃப்ளாட். அடுத்தடுத்த இரண்டு சின்ன வீடுகளைச் சேர்த்து வாங்கி, நடுவில் ஒரு கதவு மட்டும் வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், இரண்டு கிச்சன் எதற்கு, இரண்டு வாசல் எதற்கு, இடித்துக் கட்ட யாரால் முடியும் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்களாம்.

என் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. "எத்தனை கிச்சன்?" என்று திரும்பக் கேட்டேன். டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே நாலு பேரும் ஆட்டோவில் போய் இறங்கினோம். நாங்கள் வாடகைக்கு இருந்த இடத்திலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அந்த வீடு. எங்கள் மூக்குக்குக் கீழேயே வைத்திருந்தார் ஆண்டவர், நாங்கள் ஊரெல்லாம் சுற்றினோம். பெரிய பக்கத்தில் ஹாலும் இரண்டு பெட்ரூமும். சின்னப் பக்கத்தில் ஒரு அறை, ஒரு கிச்சன், தனி பாத்ரூம், தனியாக ஒரு வாசல். அந்த மாமியாரை எல்லாரும் மராட்டியில் காகு என்றுதான் கூப்பிட்டார்கள்; அவர் எங்களுக்கு அவல் போஹா கொண்டுவந்து வைத்தார். மைனி அதைத் தொடவில்லை. சின்ன கிச்சனுக்குள் போய், அடுப்பு வைக்கிற மேடையைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். அவருக்கு மராட்டி வராது, காகுவுக்குத் தமிழ் வராது. ஆனாலும் காகு குழாயைத் திறந்து காட்டினார், ஜன்னலைத் திறந்து காட்டினார். கடைசியில் அந்த வாசலின் சாவியை எடுத்து மைனி கையிலேயே வைத்தார்.

மைனி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ள, இது பேராசையா?" என்று கேட்டார்.

"இல்ல மைனி, ஜெபத்துக்குப் பதில்" என்றேன். பிரீத்தி அங்கேயே நின்று பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன் போட்டு அந்த ரயில் டிக்கெட்டைக் கேன்சல் செய்ய வைத்துவிட்டாள். கேட்கக்கூட இல்லை, கள்ளி.

யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த வீடு என்பதால் விலையும் எங்கள் சக்திக்கு உட்பட்டே வந்தது. லீவு முடிவதற்குள் குடிவந்துவிட்டோம். பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்த போதகர் ஐயா எந்த வாசலில் நின்று ஜெபிப்பது என்று திகைத்தார். இரண்டிலும் ஜெபித்தார். தமிழ்ச் சபையார் ஒரு வாசல் வழியாக வந்து சாப்பிட்டுவிட்டு, மற்ற வாசல் வழியாக டீ குடிக்கப் போனார்கள். டீ முழுக்க மைனி பொறுப்பு. கிச்சனில் போய் ஒளிந்துகொள்கிற அந்த மைனியா இது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

எங்கள் குடும்ப ஜெபமும் மாறிவிட்டது. கண்ணை மூடுவதற்கு முன்னால், உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். அப்புறம் மற்றவருக்காக ஜெபிக்கிறோம். சண்டை போட வேண்டுமென்றால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே போடுகிறோம்!

அன்பானவர்களே, நீங்களும் ஏதோ ஒரு கணக்கோடு ஆண்டவரிடம் போய் நின்று, பதில் வரவில்லையே என்று சோர்ந்திருக்கலாம். உங்கள் கணக்கை அவர் கையில் விட்டுவிடுங்கள். யாருக்காகக் கேட்கிறீர்களோ அவர்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நமக்குக் கேட்கத் தெரியாததையும் கொடுக்கத் தெரிந்தவர் அவர். நான் கண்ணாரக் கண்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் மைனி போனில் பேசுவது கேட்கிறது. அவரோடு ஹாஸ்டலில் வேலை பார்த்த சிநேகிதி புனேக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறார் போலிருக்கிறது. "லாட்ஜ் எதுக்கு பிள்ள? நேரா என் வீட்டுக்கு வந்துரு" என்கிறார். என் வீடு என்று மைனி சொல்லி இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. பேனாவை வைத்துவிட்டு அழுதேன், இந்த முறை கோபம் வரவில்லை. என் ஆண்டவருக்கே எல்லா மகிமையும்.