உழாமல் விட்ட இடம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தன் கடலை வயலைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்ட விவசாயி அவர். உயரமான ஆள், தலையில் பச்சைத் துண்டு. கேமரா ஓடத் தொடங்கினால் ஊரே வேடிக்கை பார்க்கும். அவர் மட்டும் முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சினிமா பிடிக்காத மனிதர் என்று நினைத்தேன்.

அந்த வயலில் கதாநாயகனின் அம்மாவுக்கு ஒரு சமாதி தேவைப்பட்டது. கலைப் பிரிவில் இருந்த நான்தான் பிளைவுட்டில் அடித்து, பிளாஸ்டர் பூசிக் கொடுத்தேன். படப்பிடிப்பு முடிந்ததும், பிரித்துப் போட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த வருடம் வேறொரு படத்துக்காகப் போனபோது வயல் முழுவதும் உழுதிருந்தது. நடுவில் சமாதி மட்டும் மழையில் வெளுத்து நின்றது. டிராக்டர் அதைச் சுற்றி வளைந்து போயிருந்தது.

"உள்ளே யாரும் இல்லைங்களே" என்றேன்.

"தெரியுமுங்க. நடிச்ச அந்தத் தம்பி பொழுதுக்கும் இதக் கட்டிப் புடிச்சு அழுதானுங்களே, பாக்க முடியாமத்தானுங்க நான் திரும்பி உக்காந்தன். இதுமேல எப்படீங்க டிராக்டர உடறது?"

இந்த முறை அங்கே கல்யாணப் பந்தல் போட வேண்டும், சமாதியை எடுத்தால்தான் முடியும் என்றேன்.

"அப்ப வேற எடம் பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு வரப்பில் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.