டயட் டின்னும் சாமான் வண்டியும்

நான் குண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது என்னைவிட ருசியாகச் சொல்லிவிடுவார்கள். காரைக்குடியில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலும், தெருவிலும், டவுன் பஸ்ஸிலும் என் உடம்பைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. கேட்காமலே கொடுப்பார்கள். ஜாக்கெட் துணி எடுக்கப் போனால், கடைக்காரர் துணியைப் பிரிப்பதற்கு முன்பே "ஒங்களுக்கு ஒரு மீட்டர் பத்தாதுக்கா" என்பார். பத்தாதுதான். எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? கிழிக்கச் சொன்ன அளவைக் கிழிக்க வேண்டியதுதானே!

வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற வாரம். மாலை போட்டுக்கொண்டு, குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டு ரோட்டில் கால் வைத்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாரும் சாமிதான். பேங்க் மேனேஜரும் சாமி, பூக்கட்டுகிற அக்காவும் சாமி, நானும் சாமி. "ஓரமா வாங்க சாமி, லாரி வருது." "கால்ல என்ன சாமி, முள்ளா?" குண்டக்கா என்று கூப்பிட ஒருத்தர் நாக்கும் நீளாது. அந்த ஒரு வாரத்துக்காகத்தான் நான் நடந்தேன். பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் முருகனுக்குத் தெரியும், எனக்கு எது முதலில் என்று.

அந்த வாரத்தைத்தான் போன தை மாதம் என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள். அதற்குக் காரணம் ஒரு டயட் டின்.

கானாடுகாத்தானில் ஓட்டலாக மாற்றிய பெரிய வீடு ஒன்றில் வரவேற்பு மேஜையில் எனக்கு வேலை. சாவி கொடுப்பது, டாக்சிக்குச் சொல்வது, வெயிலில் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்குக் குடிக்க ஏதாவது எடுத்துக் கொடுப்பது. ஃப்ரிட்ஜில் சாதாரண கோலாவும் இருக்கும், சர்க்கரை போடாத டயட் டின்னும் இருக்கும். மத்தியானத்தில் கூட்டம் அடங்கிய பிறகு நானும் ஒரு டயட் டின்னைக் காசு கொடுத்து எடுத்து, புஸ்ஸென்று உடைத்து, மெதுவாகக் குடிப்பேன். இனிப்பும் இருக்கும், சர்க்கரையும் உள்ளே போகாது. அந்தக் குளுமைக்காகவே காலையில் சீக்கிரம் வேலைக்குப் போகலாம் போலிருக்கும்.

ஒரு நாள் ஓட்டல் பக்கம் வந்தபோது இது என் மதினியின் கண்ணில் பட்டது. மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் வீட்டில் தலைமுறையாகத் தச்சு வேலை. இப்போது ரெடிமேட் கதவு, ஜன்னல் கடை. கடையை என் வீட்டுக்காரர் பார்க்கிறார், கடையையும் அவரையும் சேர்த்து மதினி பார்க்கிறார். பழனிக்கு நடக்கிற எங்கள் குழுவுக்கும் அவர்தான் தலைவி. எலும்பும் தோலுமான ஆள், வாய் மட்டும் கனம். தீபாவளி முடிந்து ஒரு சாயங்காலம் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அதில் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, இதப் பாரு. நீ குடிக்கிற டின்னுலதான் எல்லாம் இருக்கு. சீனி இல்லைன்னு ஏமாத்தி ஒடம்ப ஊத வைக்கிதாம். அதக் குடிக்கிறவுகதான் குண்டா இருக்காகளாம். ஒன்னயப் பாத்தாலே தெரியலையா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த மேஜையில் உட்கார்ந்து நான் பார்க்காததா? ஓட்டலுக்கு வருகிற ஒல்லிக்குச்சிகள் சாதாரண கோலாவை அலட்சியமாகக் கேட்பார்கள். என்னைப் போன்றவர்கள்தான் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி "டயட் இருக்கா?" என்பார்கள்.

"மதினி, குண்டா இருக்கேன்னுதான் அதக் குடிக்கிறேன். மழையில குடை பிடிச்சுப் போறவுகளப் பாத்துட்டு, குடையாலதான் மழை பெய்யுதும்பீகளா?"

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார். மதினி அசரவில்லை.

"பேச்சுக்கு ஒண்ணும் கொறைச்சலில்ல. தைக்குள்ள ஒடம்பக் கொறைக்கிற. இல்லேனா இந்தத் தடவ நடக்க வேணாம். முட்டி போச்சுன்னா ஒனக்காக அம்புட்டுப் பேரும் நடுரோட்டுல நிக்கணும். சாமான் வண்டில வந்துரு."

சாமான் வண்டி என்பது எங்களுக்கு முன்னால் போகிற வேன். அரிசி மூட்டை, அண்டா, கேஸ் அடுப்பு, எல்லாருடைய துணிப்பை, இதெல்லாம் அதில் போகும். அண்டாவுக்கும் அரிசிக்கும் நடுவில் நான். என்னவோ சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியாவது குறைந்திருக்கும் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாளிலிருந்து மதினியின் வைத்தியம் ஆரம்பித்தது. டின்னைத் தொடக்கூடாது. அதற்குப் பதிலாக எல்லாம் இயற்கை. பெரிய பாட்டிலில் நன்னாரி சர்பத் வந்தது. வேலைக்குப் போகும்போது கொண்டுபோகப் பானகம் வந்தது. சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி. "கருப்பட்டி ஒண்ணும் செய்யாதுத்தா, அது ஒடம்புக்குக் குளிர்ச்சி" என்று ஒரு உண்டை கூடப் போட்டுக் கொடுப்பார். எங்கள் ஊரில் இது ஒரு நம்பிக்கை. கடையில் டின்னில் வந்தால் விஷம். நம் வீட்டுச் செம்பில் ஊற்றினால் மருந்து. நானும் வீம்புக்கு எல்லாவற்றையும் குடித்தேன். பழனிக்கு நடக்க வேண்டுமே!

கார்த்திகை கழிந்ததும் மதினியையே கையோடு மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய் எடை மிஷினில் ஏறினேன். ஏறியிருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, நன்றாகவே ஏறியிருந்தது.

"நன்னாரி வேருதானத்தா, அது என்ன செய்யும்?" என்றார் மதினி, மிஷினைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு.

"வேரு ஒண்ணும் செய்யல மதினி. வேரோட நீங்க கொட்டுனீகளே சீனிப்பாகு, அது செஞ்சிருக்கு."

மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். கடைக்காரப் பையன் ஏறிப் பார்த்தான், அவனுக்குச் சரியாகத்தான் காட்டியது. அதற்கும் மதினியிடம் பதில் இருந்தது. ஆணுக்குச் சரியாகக் காட்டுமாம்.

இனி யார் பேச்சையும் கேட்பதில்லை என்று நானே ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். முட்டியை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தார். வலி இல்லாதவரைக்கும் நடக்கலாம், தினமும் நடந்து பழகிவிட்டுப் போங்கள் என்றார். டின்னைப் பற்றியும் கேட்டேன்.

"அது குண்டாக்கும்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஒல்லியாக்கும்னும் சொல்ல முடியாது. சர்பத்துக்குப் பதிலாக் குடிச்சா தேவலாம். தண்ணி குடிச்சா அதைவிடத் தேவலாம்." எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "டின்னுகூட என்ன சாப்பிடுறீங்க?"

அங்கேதான் பிடித்தார். ஓட்டலில் சாயங்காலம் விருந்தாளிகளுக்குப் பலகாரம் வைப்போம். கந்தரப்பம், சீயம், சில நாள் வெள்ளைப் பணியாரம். மிச்சமிருந்தால் எங்களுக்கு. எப்போதும் மிச்சமிருக்கும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் ஒன்றைப் பிட்டு மோந்து பார்த்து வைத்துவிடுவார்கள். டின்னில்தான் சர்க்கரை இல்லையே, அந்தக் கணக்கில் இன்னொரு சீயம் சாப்பிடலாம் என்று எடுப்பேன். அதை மறைக்காமல் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"அப்ப சீயத்தைக் கேளுங்கம்மா. டின்னு பாவம்."

எனக்கு இதில் வெட்கம் ஒன்றுமில்லை. வெல்லமும் தேங்காயும் மணக்கிற சூடான சீயத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்கள் இருந்தால் கோவில் கட்டலாம். பருமன் என்னுடையது, அதைத் தின்று சேர்த்தவளும் நான்தான். வாயில்லாத டின்மேல் ஏன் பழி போட வேண்டும்? சர்பத்தை நிறுத்தினேன். சீயத்தை ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். டின்னை விடவில்லை. வேலை முடிந்ததும் பஸ் வருகிறவரை கானாடுகாத்தான் தெருக்களில், பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மதினியால் ஏறியது இறங்கியது. அதற்குக் கீழே ஒரு பொட்டுக்கூட இறங்கவில்லை.

கிளம்புகிற அன்று விடிகாலை, குன்றக்குடி அடிவாரம். எல்லாரும் பச்சைச் சேலையும் மாலையுமாக நிற்கிறோம். மதினி ஒவ்வொருவராக "வாங்க சாமி, வரிசையா வாங்க சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் வேனின் பின்கதவைக் காட்டினார்.

"ஏறுத்தா."

எல்லாருக்கும் சாமி, எனக்கு மட்டும் ஏத்தா. வேனுக்குள் கையை விட்டு, அண்டாவுக்கடியில் மாட்டியிருந்த என் பையை இழுத்துத் தோளில் போட்டேன்.

"நான் சாமான் இல்ல மதினி."

சொல்லிவிட்டு முதல் ஆளாக நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் செருப்பில்லாத கால்களின் சத்தம் கேட்டது.

சுகமாக நடந்தேன் என்று புளுக மாட்டேன். தொடை உரசி எரிந்தது, தேங்காயெண்ணெய் தடவித் தடவி நடந்தேன். சிங்கம்புணரியில் கால் வீங்கியது. நத்தம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். முன்னால் போகிற வேனைப் பார்க்கும்போது ஆசையாகவும் இருந்தது. ஆனால் வழி நெடுகப் பந்தல் போட்டு நிற்கிற சனங்கள் "சாமி, குடிச்சிட்டுப் போங்க சாமி" என்று ஓடிவருவார்கள். மோர், பானகம், ரோஸ் மில்க். நடக்கிறவர்களுக்குக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, அது எங்கள் குழுவில் கண்டிப்பான வழக்கம். யாராவது தயங்கினால் மதினி விட மாட்டார். "சாமிக்குக் குடுக்குறத வேணாங்கக் கூடாது, வாங்கிக் குடிங்க" என்று நின்று குடிக்க வைப்பார். நானும் ஒரு வாய் வாங்கிக்கொண்டு நடப்பேன். என்னோடு மட்டும் அவர் பேசவில்லை.

திண்டுக்கல்லைத் தாண்டி ஒரு நாள் நல்ல வெயில். ரோட்டோரப் பெட்டிக்கடையில் ஐஸ் பெட்டிக்குள் ஒரு டயட் டின் கிடந்தது. எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற பிரசாதம் என்று வாங்கிப் பையில் போட்டேன். நாலு எட்டு வைத்திருப்பேன், பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாமி! ஏ சாமி, கொஞ்சம் நில்லு. நானும் வாறேன்."

திரும்பிப் பார்த்தால் மதினி. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். முகமெல்லாம் வாடி, உதடு காய்ந்து கிடந்தது. இப்போது சாமி என்று வருகிறதாக்கும் என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து டின்னை எடுத்து உடைத்து நீட்டினேன்.

பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"சாமிக்குக் குடுக்குறத வேணாங்கக் கூடாதுல்ல மதினி?"

வாங்கினார். முதலில் ஒரு வாய், பிறகு மளமளவென்று பாதி டின்.

"நல்லாத்தான இருக்கு," என்றார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "குண்டாயிருவேனாத்தா?"

"ஆனா ஆயிட்டுப் போறீக. அப்பறமும் நடக்கலாம்."

அதற்குள் எங்களைத் தேடிக்கொண்டு சாமான் வண்டி திரும்பி வந்து பக்கத்தில் நின்றது. டிரைவர் தம்பி தலையை நீட்டி, "யாரு ஏறுறீக?" என்றான். மதினி தன் காலைப் பார்த்தார், வேனின் பின்கதவைப் பார்த்தார்.

"யாரும் ஏறல. நீ போப்பா."

என் தோளில் கையைப் போட்டு அழுத்தி எழுந்தார். எலும்பும் தோலுமான ஆள் என்று பேர்தான். எடை முழுவதும் என்மேல் இறங்கியது. நான் தாங்கிக்கொண்டு நடந்தேன்.